யூரோப்பாவா, என்செலடஸா? உயிரைத் தேட எங்கே போகலாம்

காரைக்குடியில் மொட்டை மாடியில் தொலைநோக்கி வைத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வியாழனைக் காட்டினால் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "சார், ரெண்டுல ஒண்ணுக்குத்தான் ராக்கெட் விடலாம்னா எதுக்கு விடுவீங்க?" அந்த இரண்டு, உயிர் இருக்குமா என்று தேடப்படும் நிலாக்கள்: வியாழனின் யூரோப்பாவும் சனியின் என்செலடஸும். யூரோப்பாவைச் சின்னத் தொலைநோக்கியிலேயே ஒரு புள்ளியாகப் பார்த்துவிடலாம். என்செலடஸ் அப்படிச் சிக்காது. கண்ணால் பார்த்த நிலாவின் பக்கம் பிள்ளைகள் சாய்வது இயல்புதான். என் ஓட்டு என்செலடஸுக்கு.

யூரோப்பாவின் பெருமையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1610இல் கலிலியோ கண்ட நான்கு நிலாக்களில் ஒன்று. குறுக்களவு சுமார் 3,100 கி.மீ.; நம் நிலாவைவிடக் கொஞ்சம்தான் சிறியது. பனி ஓட்டுக்கு அடியில் இருக்கும் உப்புக் கடலில், பூமியின் எல்லாக் கடல்களையும் சேர்த்தால் வருவதைப் போல இரு மடங்கு நீர் இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். கலிலியோ விண்கலத்தின் காந்தமானி காட்டிய மாற்றங்கள்தான் அந்தக் கடலுக்கு வலுவான சாட்சி. வியாழனைச் சுற்றும்போது அதன் ஈர்ப்பு யூரோப்பாவைப் பிசைந்துகொண்டே இருக்கிறது. அந்தச் சூட்டில்தான் உள்ளே நீர் உறையாமல் நிற்கிறது.

என்செலடஸ் இதற்கு முன்னால் ஒரு பொடியன். குறுக்களவு 500 கி.மீ. அளவுதான். 1789இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்த பிறகு, இருநூறு ஆண்டுகளுக்கு மேல் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. 2005இல் காசினி விண்கலம் அதன் தென் துருவத்து விரிசல்களிலிருந்து நீராவியும் பனித்துகளும் பீய்ச்சி அடிப்பதைக் கண்டதும் கதையே மாறிவிட்டது.

கண்மாய் நிறைந்து கலுங்கில் தண்ணீர் பாயும்போது, உள்ளே என்ன நீர் என்று பார்க்க நடுக்கண்மாய்க்கு இறங்க வேண்டியதில்லை. கலுங்கில் ஒரு செம்பு மொண்டால் போதும். என்செலடஸ் தரும் வசதி இதுதான். காசினி அந்தப் பீச்சலுக்குள்ளேயே பறந்தது. 2015 அக்டோபரில் தரையிலிருந்து 49 கி.மீ. உயரம் வரை இறங்கி வந்தது. யூரோப்பாவில் கடலுக்குப் போக 15 முதல் 25 கி.மீ. தடிமனுள்ள பனியைத் துளைக்க வேண்டியிருக்கும் என்பது பரவலான மதிப்பீடு. அதற்கான கருவி இன்று யாரிடமும் இல்லை.

நீர் மட்டும் போதுமா? போதாது. எலெக்ட்ரானைக் கொடுக்க ஒரு பொருளும் வாங்க ஒரு பொருளும் வேண்டும். அந்தக் கைமாற்றில் கிடைக்கும் ஆற்றலில்தான் உயிர் நடக்கிறது. மின்வேதியியலுக்கென்றே சிக்ரி ஆய்வு நிறுவனம் இருக்கும் ஊரில் இதை விளக்குவது எனக்குச் சிரமமாக இருந்ததே இல்லை.

இங்கே இரண்டும் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன. யூரோப்பாவில் வாங்கும் பொருளான ஆக்ஸிஜன் மேலே இருக்கிறது. வியாழனின் கதிர்வீச்சு மேற்பரப்புப் பனியை உடைத்து ஹைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும் பிரிக்கிறது. நொடிக்குச் சுமார் 12 கிலோ ஆக்ஸிஜன் உண்டாகிறது என்று ஜூனோ விண்கலத்தின் அளவீடுகளிலிருந்து 2024இல் கணக்கிட்டார்கள். அது பனியைத் தாண்டிக் கடலுக்குள் இறங்குகிறதா என்பது தெரியவில்லை. என்செலடஸிலோ கொடுக்கும் பொருளான ஹைட்ரஜன் கீழிருந்து வருகிறது. பீச்சலில் அது இருப்பது 2017இல் வெளியானது. கடலடியில் சூடான நீரும் பாறையும் வினைபுரிவதற்கு இந்த ஹைட்ரஜன் அடையாளம். கூடவே கரியமில வாயுவும் இருக்கிறது. இந்த இரண்டையும் வைத்தே பிழைத்து மீத்தேன் வெளியிடும் நுண்ணுயிர்கள் நம் பூமியில் உண்டு. 2023இல் அங்கிருந்து வந்த பனித்துகள்களில் பாஸ்பேட்டும் கிடைத்தது, அதுவும் நம் கடல்நீரில் இருப்பதைவிட நூறு மடங்குக்கும் மேலான செறிவில்.

இதிலேயே என்னை உறுத்தும் ஒன்றும் உண்டு. சாப்பாடு இவ்வளவு மிச்சம் இருக்கிறதென்றால், சாப்பிட அங்கே ஆள் இல்லை என்றும் பொருள் கொள்ளலாமே? அப்புறம், சனியின் உள்வட்ட நிலாக்கள் வயதில் இளையவை என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். கடல் இளையதென்றால் உயிர் தோன்ற நேரம் போதாமல் போயிருக்கலாம். நீண்ட காலம், நிறைய இடம் என்று பார்த்தால் யூரோப்பாவின் கைதான் ஓங்கும். உயிர் தோன்ற யூரோப்பா நல்ல இடமாக இருக்கலாம். உயிரைக் கண்டுபிடிக்க என்செலடஸ் நல்ல இடம். ராக்கெட் போவது கண்டுபிடிக்கத்தானே?

வியாழனின் இன்னொரு நிலாவான கானிமீடையும் சனியின் டைட்டனையும் விட்டது ஏன் என்று சிலர் கேட்பார்கள். கானிமீடின் கடல் மிக ஆழத்தில், மேலும் கீழும் பனிக்கு நடுவே மாட்டிக்கொண்டிருக்கிறது. டைட்டனின் ஏரிகளில் இருப்பது மீத்தேனும் ஈத்தேனும், குளிரோ சுமார் மைனஸ் 180 டிகிரி. அங்கே தேடுவது வேறு வகையான வேதியியல். அதற்கு நாசாவின் டிராகன்ஃபிளை விண்கலம் தயாராகிவருகிறது.

சரி, நடைமுறைக்கு வருவோம். 2024 அக்டோபர் 14இல் கிளம்பிய நாசாவின் யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2030 ஏப்ரலில் வியாழனை எட்டும். கதிர்வீச்சுக்கு அஞ்சி அது யூரோப்பாவைச் சுற்றாது. வியாழனைச் சுற்றியபடி 49 முறை யூரோப்பாவை நெருங்கி விலகும். என்செலடஸுக்கான ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் பயணம் 2040களில்தான். யூரோப்பாவிலும் நீர் பீய்ச்சுவதாக ஹபிள் தொலைநோக்கி சில தடயங்களைக் காட்டியிருக்கிறது, உறுதியாகவில்லை. கிளிப்பரில் துகள்களை ஆராயும் கருவி இருக்கிறது. அது அப்படி ஒரு பீச்சலுக்குள் பறந்து உப்பையும் கரிமப் பொருள்களையும் அளந்துவிட்டால், பனியைத் துளைக்க வேண்டும் என்ற தடையே போய்விடும். அன்றைக்கு என் ஓட்டு யூரோப்பாவுக்கு.