ஃபோல்டரின் பெயரை வாய்விட்டுச் சொல்லாதீர்கள்

மதுரையில் 11 ஆண்டுகளாகக் கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கிறேன். தை மாதத்தில் இரண்டு முகூர்த்தங்களை முடித்து, எல்லாப் படங்களையும் 2 டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் ஏற்றிவிட்டு, அடுத்த வேலைக்காக மெமரி கார்டுகளை அழித்துவிட்டேன். இன்னொரு பிரதி எடுத்து வைக்கவில்லை. திட்ட நினைப்பவர்கள் திட்டலாம். என் மனைவி ஏற்கெனவே திட்டி முடித்துவிட்டாள்.

ஒயர் காலில் சிக்கி, ஓடிக்கொண்டிருந்த டிஸ்க் மேசையிலிருந்து விழுந்தது. திரும்பச் செருகினால் டிக், டிக், டிக் என்ற சத்தம் மட்டும்தான். அப்போதே பிடுங்கி வைத்திருக்க வேண்டும். நானோ ஐந்தாறு முறை செருகிச் செருகிப் பார்த்தேன்.

‘தகவல் கிடைக்காவிட்டால் பணம் வேண்டாம்’ என்று பலகை வைத்திருந்த ஒரு கடைக்குப் போனேன். பரிசோதனைக்கு மட்டும் 1,500 ரூபாய். கடைக்காரர் டிஸ்கைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, “ஹெட் போய்விட்டது அண்ணே. இதே மாடலில் இன்னொரு டிஸ்க் வாங்கி, அதன் ஹெட்டைக் கழற்றி இதில் மாட்ட வேண்டும்” என்றார். ஹெட் என்பது டிஸ்குக்குள் சுழலும் தட்டிலிருந்து தகவலைப் படிக்கும் சிறு பாகம். மொத்தம் 14,000, முன்பணம் 8,000. அவர் சொன்ன வைத்தியம் உண்மையில் சரியானதுதான். விவரம் தெரிந்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள். அதனால்தான் ஏமாந்தேன். முழுக்க உளறியிருந்தால் பிழைத்திருப்பேன்.

இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். “எந்த ஃபோல்டர் அவசரம் அண்ணே? அதை முதலில் எடுத்துவிடலாம்.” திருப்பரங்குன்றம் கல்யாணம், காரைக்குடி கல்யாணம் என்று சொன்னேன். பத்தாம் நாள் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. அதே இரண்டு ஃபோல்டர்கள்! கண்ணில் நீர் வந்துவிட்டது. கூடவே ஒரு செய்தி: நகல் எடுக்கும்போது ஹெட் தாங்கவில்லை, இன்னொன்று மாற்ற வேண்டும், 3,500 அனுப்புங்கள். உடனே அனுப்பினேன்.

இரவு அந்தப் படத்தை மறுபடி பார்த்தபோதுதான் உறைத்தது. நான் எந்த ஃபோல்டருக்கும் ஊர்ப் பெயர் வைப்பதில்லை. முகூர்த்தத் தேதியும் மணமகளின் முதலெழுத்தும் மட்டும்தான். நான் வாயால் சொன்ன பெயரில் இரண்டு காலி ஃபோல்டர்களை உருவாக்கி, அதைப் படம் பிடித்து எனக்கே அனுப்பியிருக்கிறார்கள்.

காலையில் போய்க் கேட்டேன். “சாஃப்ட்வேர் அப்படித்தான் காட்டும்” என்றார். டிஸ்கை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். மேலே ஒட்டியிருந்த லேபிள் ஓரிடத்தில் கிழிந்து, அடியில் மறைந்திருக்கும் திருகு தெரிந்தது.

பெங்களூரில் தூசியற்ற அறை வைத்திருக்கும் ஓர் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். ஹெட்டைப் பிடித்திருக்கும் திருகில் கருவி பட்ட தடமே இல்லை என்று பொறியாளர் நுண்நோக்கியில் காட்டினார். அதாவது, எதையும் மாற்றவில்லை. மூடியைத் திறந்து பார்த்து, வளைந்துபோன பழைய ஹெட்டோடு மறுபடி மறுபடி ஓட்டியிருக்கிறார்கள். ஹெட் தட்டைத் தொடாமல், தலைமுடியின் தடிமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு உயரத்தில் மிதக்க வேண்டியது. தட்டோ நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்வது. விளைவு, தட்டில் வட்டமாக ஒரு கீறல். உள்ளே வெள்ளையாக இருக்க வேண்டிய சிறு வடிகட்டி, தட்டிலிருந்து உதிர்ந்த பொடி படிந்து கறுத்திருந்தது. “இந்தப் பொடிதான் சார் உங்கள் படங்கள்” என்றார். கட்டணம் வாங்கவில்லை.

டிஸ்கில் டிக் சத்தம் கேட்டால் மின்சாரத்தை உடனே நிறுத்துங்கள். ஃபிரீஸரில் வைக்கச் சொல்லும் அறிவாளிகள் எல்லா வீட்டிலும் உண்டு. உள்ளே ஈரம் படியும், கேட்காதீர்கள். ‘இங்கேயே திறந்து பார்க்கிறோம்’ என்று மேசை விளக்கடியில் திருப்புளியை எடுப்பவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். தகவல் தெரிகிறது என்று சொன்னால், பெயரை அவர்களே சொல்லட்டும். ஒரு கோப்பைத் திறந்தும் காட்டட்டும். ஹெட் மாற்றியதாகச் சொன்னால், கழற்றிய பழையதைக் கேட்டு வாங்குங்கள். ரசீதில் டிஸ்கின் வரிசை எண்ணும், என்ன பழுது, என்ன வேலை என்பதும் இருக்க வேண்டும். என் ரசீதில் ‘ஹார்ட் டிஸ்க் சர்வீஸ்’ என்று மூன்று சொற்கள்தான். அதை வைத்துக்கொண்டுதான் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். போன 13,000 ரூபாய் திரும்புமா, பார்க்கலாம்.

காரைக்குடிக்காரர்கள் முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு பேச்சை நிறுத்திவிட்டார்கள். திருப்பரங்குன்றம் வீட்டாருக்காக, கல்யாணத்துக்கு வந்தவர்கள் கைபேசியில் எடுத்த படங்களைக் கேட்டு வாங்கிச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை 212 வந்திருக்கின்றன. பாதிக்கு மேல், மணமக்களை மறைத்துக்கொண்டு கேமராவுடன் நான் நிற்கிறேன்.