டெல்டா ஈரத்தில் ஒரு ரோடுகிங்: பெயின்ட்டும் ஃபைபர் டூமும் நாலு மழைக்காலம் தாண்டிய பிறகு

யெஸ்டி ரோடுகிங் என்ற பழைய டூ ஸ்ட்ரோக் பைக்குக்கு முழு பெயின்ட், வட்ட ஹெட்லைட்டைச் சுற்றிக் கைப்படச் செய்த ஃபைபர் டூம், அதாவது காற்றை விலக்கும் முன் உறை. இரண்டையும் போட்டு கும்பகோணம், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கம் நாலு வடகிழக்குப் பருவமழை ஓட்டிய பிறகான நிலவரம் இது. டேங்கின் மேல்பக்கம் இன்றும் முகம் பார்க்கலாம் போல இருக்கிறது. பின் மட்கார்டின் உள்மடிப்பு மூன்றாவது மழையில் கொப்பளித்தது. டூமில் இரண்டு போல்ட் துளைகளைச் சுற்றி முதல் வருடமே முடி போல விரிசல் ஓடியது. நல்லது கெட்டது எல்லாமே கலர் ஸ்பிரே கன்னில் ஏறுவதற்கு முன்னால் செய்த, செய்யாமல் விட்ட அடிப்படை வேலைகளால் வந்தவை. அதனால் இங்கே கலரைப் பற்றிப் பேச்சு குறைவு. இன்னொன்று: இந்த உறையின் ஆங்கிலப் பெயரான ‘ஃபேரிங்’ என்று பட்டறையில் சொன்னால் ‘பேரிங்’ என்றே காதில் விழும். ‘டூம்’ என்றால் சட்டென்று புரியும். இங்கேயும் அப்படியே.

முதலில் காகித வேலை. ஆர்.சி.யில் வண்டியின் நிறம் பதிவாகியிருக்கும். நிறத்தை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லி ஆர்.சி.யிலும் மாற்றிக்கொள்ள வேண்டும். 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது கருப்பு என்று எழுதியிருக்கும் ஆர்.சி.யோடு நீல வண்டி நின்றால் அன்றைய நாள் வீண். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு பதிவில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. ஃப்ரேமை வெட்டி ஒட்டுகிற வேலைக்கு அதனால்தான் இறங்கக் கூடாது. போல்ட்டில் ஏறி போல்ட்டில் இறங்கும் டூம் எப்போது வேண்டுமானாலும் கழற்றிவிடலாம்.

அதைவிட முக்கியமாக, 2021இல் வந்த விதிப்படி 50 வயது தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளை ‘விண்டேஜ்’ என்று ‘வி.ஏ.’ எண் வரிசையில் பதியலாம். ரோடுகிங் 1978இல் வந்தது. முதல் வருட வண்டி வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கணக்கு 2028இல் தொடங்கும். அறுபதுகளின் ஜாவா பைக் வைத்திருப்பவர்களுக்கு ஏற்கெனவே தொடங்கிவிட்டது. அப்படிப்பட்ட வண்டியில் மூல டேங்க், மட்கார்டு, சைடு பாக்ஸ் எதையும் வெட்டாதீர்கள், தூக்கியும் போடாதீர்கள். கழற்றி, எண்ணெய் தடவி, துணி சுற்றிப் பரணில் வையுங்கள்.

டேங்க் வேலை உள்ளிருந்து தொடங்குகிறது. வெளியே எவ்வளவு நல்ல பெயின்ட் அடித்தாலும், உள்ளே துரு அரித்து ஊசித்துளை விழுந்தால் பெட்ரோல் கசிந்து பெயின்ட்டை அடியிலிருந்து தூக்கிவிடும். டேங்கைக் காலி செய்து, சோப்பு நீரால் பலமுறை கழுவி, பெட்ரோல் காக்கைக் கழற்றித் துளையை அடைத்து, சைக்கிள் பம்பால் மெதுவாக 2 பி.எஸ்.ஐ. காற்று மட்டும் ஏற்றி, மேலே சோப்பு நுரை தடவிப் பாருங்கள். குமிழி வரும் இடம் ஓட்டை. அதற்கு மேல் அழுத்தினால் டேங்க் உப்பிவிடும். பற்றவைக்க வேண்டியிருந்தால், வேலை நடக்கும் இடம் மட்டும் காலியாக இருக்கும்படி டேங்க் நிறையத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் நெருப்பைக் கிட்டே கொண்டுவர வேண்டும். காலி டேங்கில் தேங்கும் பெட்ரோல் ஆவி வெடிக்கும்.

உள் துருவுக்கு எலுமிச்சை உப்பு போதும். லிட்டருக்கு 100 கிராம் வீதம் வெந்நீரில் கரைத்து ஒரு ராத்திரி ஊறவிட்டு, மறுநாள் சோடா உப்புக் கரைசலால் அலசி, உடனே காயவைத்து, கொஞ்சம் 2டி ஆயில் கலந்த பெட்ரோலைச் சுழற்றிவிட வேண்டும். ‘உடனே’ என்பதை அழுத்திச் சொல்கிறோம். அரை மணி நேரம் விட்டாலே புதுத் துரு மஞ்சளாக எழும்பிவிடும். டேங்க் உள்ளே ரெசின் பூசும் வழக்கம் முன்பு இருந்தது. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சாதாரண பாலியெஸ்டர் ரெசின் பூச்சு அதில் இளகி உரிந்து கார்புரேட்டர் ஜெட்டில் போய் நிற்கும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மழைக்காலத்தில் வண்டியை இரண்டு வாரம் நிறுத்துவதாக இருந்தால் டேங்கை நிரப்பி நிறுத்துங்கள், உள்ளே ஈரக்காற்றுக்கு இடம் குறையும்.

பழைய பெயின்ட்டை ரிமூவர் போட்டு இரும்பு தெரியும் வரை எடுத்துவிடுவது நல்லது. நாற்பது வருட டேங்கில் நாலு அடுக்கு பெயின்ட்டும், நடுவில் விரல் தடிமனுக்குப் பட்டியும் (குழியை நிரப்பும் பசை) இருக்கும். ஜாவா டேங்கின் பக்கவாட்டுக் குரோமில் பெயின்ட் பிடிக்காது. மேலோட்டமாகத் தேய்த்து அடித்தால் ஒரே கோடையில் தாள் போல உரியும். பிளேட்டிங் செய்கிறவரிடம் கொடுத்துக் குரோமைக் கழற்றிவிட வேண்டும்.

இரும்பு தெரிந்ததும் அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் என்ற அடிப்பூச்சு. ராத்திரி தாண்டக் கூடாது. பிரைமருக்கு முன் துடைப்பதற்கு இரண்டு துணி வேண்டும். ஒன்றில் கிரீஸ் ரிமூவரை நனைத்துத் துடைத்து, அது காய்வதற்குள் மற்றொன்றால் ஒற்றி எடுக்க வேண்டும். டூ ஸ்ட்ரோக் வண்டியில் மடிப்பு, வெல்டு ஓரங்களில் வருடக்கணக்கில் எண்ணெய் ஊறிக் கிடக்கும். ஒரே துணியால் துடைத்தால் அது இடம் மாறுமே தவிரப் போகாது. கலர் அடிக்கும்போது மீன் கண் போலக் குழி குழியாக விழுவது அதனால்தான். டயர் பாலிஷ், செயின் ஸ்பிரே இரண்டும் அந்தக் கொட்டகைக்குள்ளேயே வரக் கூடாது. அதிலுள்ள சிலிகான் காற்றில் பறந்து வந்தே கெடுத்துவிடும்.

அடுத்து பட்டி. டெல்டாவில் பெயின்ட் கொப்பளிப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பாலியெஸ்டர் பட்டி பார்க்கக் கல் மாதிரி இருக்கும், ஆனால் பஞ்சு போலத் தண்ணீரைக் குடிக்கும். பட்டியை வாட்டர் பேப்பரில் தண்ணீர் தொட்டுத் தேய்ப்பது நம் பட்டறைகளில் பழக்கம். கடலோரக் கிராமங்களில் போர் தண்ணீர் உப்பு. அந்த உப்பு பட்டிக்குள் இறங்கித் தங்கிவிடும். மேலே கிளியர் (கலருக்கு மேல் அடிக்கும் நிறமில்லாத பூச்சு) வரை அடித்து மூடிய பிறகு, மழைக்காலத்தில் உப்பு ஈரத்தை இழுக்கும், கடுகு அளவில் கொப்புளங்கள் எழும்பும். ஒன்றை நகத்தால் கிள்ளிப் பார்த்தால் உள்ளே தண்ணீர் இருக்கும். அதனால் பட்டியை 80, 180, 320 என்று உலர்ந்த பேப்பரிலேயே தேய்க்க வேண்டும். தண்ணீர் தொடுவது பட்டிக்கும் கலருக்கும் நடுவில் அடிக்கும் சர்பேசர் ஏறி இறுகிய பிறகுதான். அதுவும் நல்ல தண்ணீராக இருக்கட்டும். கடைசி அலசலுக்கு பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் இரண்டு லிட்டர் போதும். பட்டியை இறுகவைக்கும் ஹார்ட்னர் 2 சதவீதம். சீக்கிரம் இறுக வேண்டும் என்று கூடப் போட்டால் மிச்சமான ஹார்ட்னர் மேலே கலரில் கறையாகக் கசியும்.

டேங்க், இரண்டு மட்கார்டு, சைடு பாக்ஸ்கள், டூம் எல்லாவற்றுக்கும் சேர்த்து எபாக்ஸி பிரைமர் அரை லிட்டர், பட்டி அரை கிலோ, சர்பேசர் அரை லிட்டர், கலர் அரை லிட்டர், கிளியர் ஒரு லிட்டர் என்பது கைகண்ட அளவு.

எப்போது அடிப்பது? ஐப்பசி, கார்த்திகையில் கன்னைத் தொடவே வேண்டாம். கிளியரில் கலக்கும் பியூ (பாலியூரிதேன்) ஹார்ட்னர் காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து நுண்ணிய குமிழி விடும், பளபளப்பு மங்கும். மார்கழிக் காலையில் இரும்பே வியர்க்கும். தை அறுவடையில் அறுவடை இயந்திரம் கிளப்பும் தூசியும் வைக்கோல் துகளும் ஊரெல்லாம் பறக்கும். பங்குனி, சித்திரையில் வெயில் ஏறிவிடும், மெதுவாக இறுகும் ஹார்ட்னரும் தின்னரும் இல்லாமல் முடியாது. எங்கள் தேர்வு மாசிக் கடைசி, காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. ராத்திரி விளக்கு போட்டு அடிக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். வயல் பக்கத்துக் கொட்டகையில் ஒரு டியூப் லைட் போதும், பச்சைத் தத்துப்பூச்சி கூட்டமாக வந்து ஈரக் கிளியரில் ஒட்டிவிடும். இறுகிய பிறகு எடுத்தால் ஒவ்வொரு பூச்சிக்கும் ஆறு கால் தடம் தெரியும்.

கன் நாசில் 1.3 மி.மீ., காற்று சுமார் 28 பி.எஸ்.ஐ. கம்ப்ரசரில் தேங்கும் தண்ணீரைக் காலையிலேயே திறந்துவிட்டு, லைனில் வாட்டர் செப்பரேட்டர் போட வேண்டும். கலர் மூன்று மெல்லிய கோட், நடுவில் பத்து பத்து நிமிடம். கிளியர் இரண்டு கோட், இரண்டு பங்குக்கு ஒரு பங்கு ஹார்ட்னர் (டப்பாவில் வேறு விகிதம் போட்டிருந்தால் அதுவே சரி). அடித்த கையோடு வெயிலில் வைத்தால் மேல்தோல் மூடி, உள்ளிருக்கும் தின்னர் ஊசி முனைபோலத் துளைத்து வெளியேறும். ஒரு நாள் நிழல், பிறகு வெயில். ஏழு நாளுக்கு முன் டேங்கில் பெட்ரோல் வேண்டாம். இந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது, ஆஸ்துமாவில் கொண்டுபோய்விடும். துணி மாஸ்க்கும் கைக்குட்டையும் அதைத் தடுக்காது. ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க் கட்டாயம், ஏழாவது வண்டியானாலும்.

டேங்க் கோடுகளை முதல் கிளியர் கோட் இறுகி, 800 பேப்பரில் மங்கவைத்த பிறகு இழுத்தால் பிசகினாலும் துடைத்து மறுபடி இழுக்கலாம். கோட்டுக்கு எனாமல் வேண்டாம். மேலே கிளியர் பட்டதும் சுருங்கும்.

இனி டூம். நாகப்பட்டினம், காரைக்கால், பூம்புகார் கரையோரம் ஃபைபர் போட் செய்கிற கைகள் இருப்பது டெல்டாவுக்குக் கிடைத்த வரம். மோல்டு (அச்சு), மேட் (கண்ணாடி இழை விரிப்பு), ரெசின் எதையும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். சொல்ல வேண்டியது தடிமன் மட்டும். படகுக்கு அடுக்கி அடுக்கிப் போட்ட கை, டூமுக்கும் நாலைந்து அடுக்கு போட்டுவிடும். மூன்று கிலோ டூம் ஃபோர்க்கில் தொங்கினால் ஹேண்டில் தானாகச் சாயும். 450 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 450 கிராம்) மேட் இரண்டு அடுக்கு, சுமார் 2 மி.மீ. போதும். போல்ட் வரும் இடங்களில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் கூட ஒரு துண்டு. வட்ட ஹெட்லைட் டூமுக்கு மேட் 400 கிராம், ரெசின் ஒரு கிலோ, வெளித்தோலாக வரும் ஜெல்கோட் கால் கிலோ. ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் கிலோவுக்கு 10 மி.லி., வெயில் நாளில் அதற்கு மேல் வேண்டாம். இறுகலை வேகப்படுத்தும் கோபால்ட்டை முதலில் ரெசினில் முழுக்கக் கலக்கிய பிறகுதான் கேட்டலிஸ்ட். இரண்டையும் நேராக ஒன்றோடொன்று கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும்.

மோல்டிலிருந்து எடுத்த டூமை ஒரு வாரமாவது வெயிலில் கிடத்துங்கள். அவசரப்பட்டு அடித்தால் ரெசின் பின்னால் சுருங்கி, பெயின்ட்டின் அடியில் மேட்டின் இழை வரிவரியாகத் தெரியும். கருப்பு டூமில் இது இன்னும் மோசம், சித்திரை வெயிலில் தொட முடியாத அளவு சூடேறும். கிரீம், வெளிர் நீலம் நன்றாகத் தாங்குகின்றன. மோல்டு வாக்ஸ் மேலே ஒட்டியிருக்கும் என்பதால் சோப்பு நீர், வாக்ஸ் ரிமூவர், 320 பேப்பர் என்று போய் எபாக்ஸி பிரைமர்.

முதல் வருட விரிசலுக்கு வருவோம். 6 மி.மீ. போல்ட்டுக்கு 6 மி.மீ. துளை போட்டு இறுக்கியதுதான் தப்பு. டூ ஸ்ட்ரோக்கின் அதிர்வு முழுவதும் துளையின் ஓரத்தில் இறங்கியது. சரியானது: 9 மி.மீ. துளை, அதில் ரப்பர் கிராமெட் (வளையம்), அதற்குள் சின்ன இரும்புக் குழாய், இரண்டு பக்கமும் 25 மி.மீ. வாஷர், அதிர்வில் கழறாத நைலாக் நட். குழாய் இருப்பதால் எவ்வளவு இறுக்கினாலும் ரப்பர் நசுங்காது. ஓடிய விரிசலின் முனையில் 3 மி.மீ. துளை போட்டால் அங்கேயே நிற்கும். பிறகு உட்புறம் சுரண்டி ஒரு அடுக்கு மேட்.

டூம் மாட்டியதும் ஹெட்லைட் மங்கினால் பல்பை மாற்ற வேண்டாம். இரும்புக் கூடு வழியாக எர்த் எடுத்த விளக்கு ஃபைபருக்கு வந்ததும் எர்த் இழந்துவிடும். விளக்கிலிருந்து ஃப்ரேமுக்குத் தனி ஒயர் ஒன்று இழுத்தால் போதும். ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி கிளட்ச், பிரேக் கேபிள் எங்கும் இழுபடவில்லை என்று பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.

அளவு விஷயத்தில் எங்கள் கருத்து உறுதி: ஃபோர்க்கில் மாட்டினால் ஹெட்லைட்டை ஒட்டிய சின்ன டூம் மட்டும். பெரியதாக வேண்டுமென்றால் ஃப்ரேமில் மாட்ட வேண்டும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்த மாதத்தில் கொள்ளிடம் பாலத்தில் குறுக்கே அடிக்கும் காற்று பெரிய டூமைப் பிடித்தால் ஹேண்டிலையே திருப்பும். எஞ்சினை மூடும் முழு டூம் காற்றால் குளிரும் இந்த வண்டிக்கு ஆகவே ஆகாது, பிஸ்டன் ஜாம் ஆகும்.

கடைசியாக அந்தப் பின் மட்கார்டு. வெளிப்பக்கம் எல்லாக் கோட்டும் ஏறியிருந்தது, உள்மடிப்புக்குள் கன் எட்டவில்லை. நாற்று நடவுக் காலத்து வரப்புச் சாலையின் களிமண் அந்த மடிப்பில் அப்பி, வெளியே காய்ந்தாலும் உள்ளே வாரக்கணக்கில் ஈரமாக இருந்தது. இரண்டாவது தடவை மடிப்பைக் கம்பிப் பிரஷால் சுரண்டி, எபாக்ஸி பிரைமரை மெல்லிய பிரஷால் உள்ளே தீட்டி, காய்ந்ததும் உருக்கிய மெழுகுக் கிரீஸை ஊற்றி வழியவிட்டோம். மடிப்பின் மிகத் தாழ்ந்த இடத்தில் 4 மி.மீ. வடிதுளை ஒன்றும் போட்டாயிற்று. ஒரு மழை தாண்டியிருக்கிறது, விரலை உள்ளே விட்டுத் தடவினால் வழவழப்பாகவே இருக்கிறது.