பாறைக் குட்டையா, கடல் குளியலா?

கடலோர ஊரில் ஒரு காலைப்பொழுதுதான் கையில் இருக்கிறதா? அப்படியென்றால் முதலில் ஓத நேரத்தை, அதாவது கடல் நீர் ஏறி வடியும் நேரத்தை, பாருங்கள்.

குழந்தைகள் இருந்தால், ஓதம் வடிந்ததும் பாறைகளுக்கு இடையே நீர் தேங்கி நிற்கும் பாறைக் குட்டைக்கே என் ஓட்டு. ஓதம் முழுதாக வடிவதற்கு 1 மணி நேரம் முன்பே இறங்க வேண்டும்; அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் இன்னும் தள்ளிப்போகும். கல்லைப் புரட்டினால் நண்டு ஓடும். பார்த்ததும் கல்லைப் பழையபடியே வைத்துவிடுங்கள், இல்லையேல் அடியில் ஒட்டியிருக்கும் உயிர்கள் வெயிலில் காய்ந்துபோகும். பாசியில் ரப்பர் செருப்பு வழுக்கும். பழைய ஷூ மேல். நீர் திரும்பும்போது முதுகுக்குப் பின்னால் உள்ள பள்ளம் முதலில் நிறையலாம், அங்கேயும் ஒரு கண் இருக்கட்டும்.

குளியலுக்கு இத்தனை ஏற்பாடு வேண்டாம். ஆனால் அலைகளுக்கு நடுவே அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் பகுதி பெரும்பாலும் கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம். சிக்கினால் எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாக நகர்ந்து வெளியேறுங்கள்.