காலுறைக்குள் ஒரு சாக்லேட் ஆரஞ்சு

எனக்கு ஏழு வயதில் நாங்கள் லண்டன் ஈஸ்ட்ஹாமுக்கு வந்தோம். அந்த முதல் கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டுப் பாட்டி பரிசுகள் நிரப்பிய ஒரு சிவப்புக் கம்பளிக் காலுறை கொடுத்தார். கைவிட்டுத் துழாவினால் தங்கத்தாள் சுற்றிய சாக்லேட் காசுகள், வால்நட், அடிநுனியில் ஒரு சட்சுமா ஆரஞ்சு. கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு மூலமான புனித நிக்கலஸ் ஏழைப் பெண்களின் வீட்டுக்குள் போட்ட பொன், காயவைத்திருந்த காலுறைக்குள் விழுந்ததாம். அந்தப் பொன்னுக்குப் பதில்தான் இந்தப் பழம் என்றார்.

இப்போது என் மகளின் காலுறையில் சட்சுமாவோடு டெர்ரிஸ் சாக்லேட் ஆரஞ்சும் போடுகிறேன். 1932இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் பிறந்த பண்டம், ஆரஞ்சுப் பழம்போல் சுளை சுளையாகப் பிரியும் சாக்லேட். உருண்டையாக இருப்பதால் காலுறையின் பாதம் அழகாகப் புடைத்து நிற்கும். தாளைப் பிரிக்கும் முன் மேசையில் ஓங்கி ஒரு தட்டு தட்ட வேண்டும். மெதுவாகத் தட்டினால் சுளைகள் நடுத்தண்டோடு ஒட்டிக்கொள்ளும். மொத்தம் 20 சுளை, வீட்டில் எல்லோருக்கும் வரும். ஆரஞ்சு மணம் தூக்கலாகவே இருக்கும், எனக்கு அதுதான் பிடிக்கும். பால் சாக்லேட்டைவிடக் கறுப்புச் சாக்லேட் வகை இன்னும் நல்லது.

அட்டைப்பெட்டியை மட்டும் எடுத்துவிடுங்கள், மூலை குத்திக் கம்பளி இழை பிரிந்துவிடும். அப்புறம், சட்சுமாவை விட்டுவிடாதீர்கள். என் மகள் முதலில் தேடுவது அதைத்தான்.