பட்டறிவா, மனதில் பட்டதா: கோச்சிங் தொழிலுக்கு எந்த முதல்?

கோச்சிங் என்றதும் பலருக்கு நுழைவுத் தேர்வு வகுப்புதான் நினைவுக்கு வரும். நான் பேச வந்தது வேறு. தொழில் நடத்துபவர் அல்லது நிர்வாகி ஒருவரோடு மாதம் இரண்டு முறை உட்கார்ந்து, கேள்வி கேட்டே அவரை யோசிக்க வைக்கும் வேலை. இதற்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வழியாக வருகிறார்கள். ஒருவர் பல ஆண்டுகள் நிர்வாகம் பார்த்து, லாபமும் நட்டமும் கண்டு, தெரிந்ததைப் பிறருக்குக் கொடுக்கலாமே என்று வருகிறார். இன்னொருவர், எதிரில் இருப்பவர் சொல்லாததும் தன் காதில் விழும் என்ற நம்பிக்கையோடு வருகிறார்.

முன்னவர் போடும் முதல் பட்டறிவு. பின்னவர் போடும் முதல் உள்ளுணர்வு. 'மனதில் பட்டது' என்கிறோமே, அது. இரண்டு சொல்லிலும் இருப்பது ஒரே 'படு'தான். ஒன்று அடிபட்டுத் தெரிந்துகொண்டது, மற்றது எங்கிருந்து என்று தெரியாமல் வந்து தைப்பது. நான் முதல் வழியில் வந்தவன். என் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை வாசகர் கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.

ஒரே ஆள், மூன்று அமர்வுகள்

அச்சகம் நடத்தும் ஒருவர் வந்தார். தம்பி பங்குதாரர். இரண்டாவது கிளை தொடங்கலாமா என்பது கேள்வி. (ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

முதல் அமர்வில் எனக்குள் இருந்த பழைய நிதி மேலாளர் விழித்துக்கொண்டார். வரவேண்டிய பாக்கி எத்தனை நாளில் வசூலாகிறது, காகிதம் தருபவர் எத்தனை நாள் கடன் கொடுக்கிறார், நடுவில் விழும் பள்ளத்தை எந்தப் பணம் நிரப்புகிறது என்று வரிசையாகக் கேட்டேன். ஒரு மணி நேரத்தில் அழகான அட்டவணை தயார். "மிகவும் பயனுள்ளதாக இருந்தது சார்" என்று கைகுலுக்கினார். அட்டவணையை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

இரண்டாவது அமர்வில், தம்பியின் பேச்சு வரும்போதெல்லாம் அவர் குரல் அரைக் கட்டை இறங்குவதைக் கவனித்தேன். கண்டுபிடித்துவிட்ட உற்சாகம் எனக்கு. "உங்களுக்குத் தம்பி மேல் நம்பிக்கை இல்லை, அதுதானே?" என்றேன். அவர் பின்னால் சாய்ந்து கைகளைக் கட்டிக்கொண்டார். மீதி நேரம் முழுவதும் இயந்திர விலைதான் பேசினோம்.

மூன்றாவது முறை, சொல்லிலேயே பிடியைத் தளர்த்தினேன். "தம்பியைப் பற்றிச் சொல்லும்போது உங்கள் குரல் தாழ்வதுபோல எனக்குப் படுகிறது. தவறாகவும் இருக்கலாம். அங்கே ஏதாவது இருக்கிறதா?" அவர் வெகுநேரம் பேசவில்லை. நானும் பேசவில்லை, எனக்கு அது பழக்கமில்லாத வேலை. பிறகு மெதுவாகச் சொன்னார். தம்பி தனியாகப் போக விரும்புகிறார். அம்மா மனம் நோகாமல் பிரிய வேண்டும். விரிவாக்கம் என்ற பெயரில் அவர்கள் திட்டமிட்டுக்கொண்டிருந்தது ஒரு பாகப்பிரிவினை.

நம்பிக்கை இல்லை என்று நான் அடித்துச் சொன்னது முழுத் தவறு. குரல் இறங்கியது என்ற கவனிப்பு மட்டும் சரி. உள்ளுணர்வை நம்பித் தொழிலுக்கு வருகிறவர்கள் கோட்டைவிடும் இடம் இதுதான். கவனித்தது உண்மையாக இருக்கும். அதற்குத் தாங்களே கொடுத்த விளக்கத்தையும் உண்மையின் கணக்கிலேயே எழுதிக்கொள்வார்கள்.

ஆனால் என் அடுத்த கேள்வி பட்டறிவிலிருந்து வந்தது. "வங்கிக் கடனுக்கு இருவருமே சொந்தப் பெயரில் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா?" போட்டிருந்தார்கள். கிளை பிரிந்தாலும் கடன் தானாகப் பிரியாது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கடன் பத்திரத்தில் ஒரு முறையாவது கை நடுங்கக் கையெழுத்துப் போட்டவருக்கு வரும் கேள்வி அது. வெறும் உள்ளுணர்வோடு உட்கார்ந்திருந்தால், அண்ணன் தம்பி பாசத்தைப் பற்றி உருகிப் பேசிவிட்டு, ஜாமீனைத் தொடாமலே எழுந்திருப்போம்.

எந்த உள்ளுணர்வு நம்பத் தகுந்தது?

உளவியலாளர் டேனியல் கானமன் மனிதத் தீர்ப்புகள் எப்படியெல்லாம் பிசகுகின்றன என்று ஆராய்ந்தவர். கேரி கிளைன், தீயணைப்புப் படைத் தலைவர்கள் நொடியில் எடுக்கும் சரியான முடிவுகளை ஆராய்ந்தவர். எதிரெதிர் முகாம்கள். இருவரும் சேர்ந்து 2009-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இரண்டு நிபந்தனைகளில் ஒத்துப்போனார்கள். துறையில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும். அந்த ஒழுங்கைக் கற்றுக்கொள்ளும் அளவுக்குப் பழக்கமும், சரியா தவறா என்ற பதிலும் கிடைத்திருக்க வேண்டும். ஒருவர் தன் உள்ளுணர்வை எவ்வளவு உறுதியாக நம்புகிறார் என்பது அது சரி என்பதற்குச் சான்றாகாது என்றும் சொன்னார்கள்.

இந்த உரைகல்லில் கோச்சிங்குக்கு வரும் இரண்டு வகையினரையும் உரசிப் பார்க்கலாம். இந்த வாடிக்கையாளர் பணத்தை இழுத்தடிப்பார் என்று கடன் வசூலில் ஊறியவருக்குத் தோன்றினால் அதற்கு மதிப்பு உண்டு. சில மாதங்களில் பதில் தெரிந்துவிடும், அது நூறு முறை நடந்திருக்கும். இந்தப் பொருள் சந்தையில் ஓடும் என்று அதே ஆள் சொன்னால் அவ்வளவு மதிப்பு இல்லை. ஒரே நிறுவனத்தில், வட்டி குறைவாக இருந்த ஒரு காலத்தில் வென்றவர், அந்த வெற்றியில் எவ்வளவு தன்னுடையது என்று பிரித்துச் சொல்லவே முடியாது.

கோச்சின் நிலைமை இதைவிட மோசம். வருகிறவர் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். நாம் சொன்னது பலித்ததா, கெடுத்ததா என்ற செய்தி பல நேரம் திரும்பி வருவதே இல்லை. பதினைந்து ஆண்டு கோச்சாக இருந்தேன் என்பதால் மட்டும் உள்ளுணர்வு கூராகிவிடாது. என் சக கோச்சுகள் இதை ரசிக்கமாட்டார்கள்.

வாடிக்கையாளர் எதற்குப் பணம் தருகிறார்?

இங்கே பட்டறிவின் கை ஓங்கியிருக்கிறது. நிறுவனங்கள் கேட்கும் முதல் கேள்வி, "நீங்கள் எதை நடத்தியிருக்கிறீர்கள்?" உள்ளுணர்வுக்கு விலைப்பட்டியல் போட முடியாது. தனி ஆட்கள் வேறு மாதிரி. முதல் பேச்சில் தன்னைப் புரிந்துகொண்டார் என்று தோன்றினால் வந்துவிடுவார்கள். ஆனால் பட்டறிவைக் காட்டி வாங்கிய வேலையில் ஒரு கண்ணி உண்டு: ஆலோசனை சொல்லுங்கள் என்றே எதிர்பார்ப்பார்கள். சொல்லிப் பழகினால் கோச்சிங் என்ற பலகைக்குப் பின்னால் ஆலோசகர் கடை நடத்துகிறோம் என்று பொருள். அதிலும் தவறில்லை, பலகையை மாற்றிக்கொண்டால் போதும்.

நிறுவனத்துக்குள் சம்பளத்துக்குக் கோச்சாக இருப்பதா, தனியாக நடத்துவதா என்பதில் நான் அதிகம் அலையவில்லை. உள்ளே இருந்தால் ஆள் பிடிக்கும் கவலை இல்லை. ஆனால் அமர்வில் ஊழியர் சொன்னது மேலதிகாரிக்குப் போகுமோ என்ற பயம் நாற்காலிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்.

சான்றிதழ்

பெரும்பாலான நாடுகளில் கோச் என்று சொல்லிக்கொள்ள உரிமம் தேவையில்லை. 1995-இல் தொடங்கிய சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு (ஐசிஎஃப்) தரும் சான்றுகள்தாம் பரவலாக மதிக்கப்படுபவை. முதல் நிலையான ஏசிசி-க்கு 60 மணி நேரக் கல்வியும் 100 மணி நேர கோச்சிங் அனுபவமும் வேண்டும். அடுத்த நிலையான பிசிசி-க்கு 125-ம் 500-ம். உச்சியில் இருக்கும் எம்சிசி-க்கு 200-ம் 2,500-ம்.

நிர்வாகத்திலிருந்து வருகிறவருக்கு இந்த மணிக்கணக்கு தண்டனைபோல் இருக்கும். எனக்கு இருந்தது. வழிகாட்டி என் அமர்வின் ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டு, நான் பேசிய நேரத்தையும் எதிரில் இருந்தவர் பேசிய நேரத்தையும் தாளில் எழுதி என் முன் வைத்தார். பார்க்கக் கூச்சமாக இருந்தது. உள்ளுணர்வுக்காரர்களுக்கும் அங்கே ஒரு கடிவாளம் கிடைக்கிறது: தோன்றியதைச் சொல்லலாம், பற்று வைக்காமல் சொல்ல வேண்டும்.

என் தேர்வு

தொழில் அனுபவம் உள்ளவர் முதலில் வாயை மூடக் கற்றுக்கொள்ளட்டும், அதற்குக் காசு கொடுத்தாவது. உள்ளுணர்வு மட்டும் உள்ளவர் சொந்தப் பணத்தில் சின்னதாக எதையாவது நடத்திப் பார்க்கட்டும். மாதக் கடைசியில் சம்பளம் கொடுக்கப் பணம் போதாத ஒரு வெள்ளிக்கிழமை மாலையை எந்த வகுப்பும் கற்றுத் தராது. இரண்டில் எது சீக்கிரம் முடியும் என்றால், முதலாவது என்பேன். இதில் என் சாய்வு தெரிகிறது, தெரியட்டும்.

நான் இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். அமர்வில் கவனித்தது இடது பக்கம், அதற்கு நான் ஊகித்த காரணம் வலது பக்கம். பின்னால் உண்மை தெரியவந்தால் சரியா தவறா என்று குறிப்பேன். பணம் பற்றிய ஊகங்கள் ஓரளவு தேறுகின்றன. மனிதர்களின் உள்நோக்கம் பற்றியவை பெரும்பாலும் சிவப்பு மையில் கிடக்கின்றன.

அச்சகக்காரர் நான்காவது அமர்வுக்கு வந்து உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி: "அன்றைக்கு ஓர் அட்டவணை போட்டோமே சார், அது உங்களிடம் இருக்கிறதா?"