இன்லேண்ட் சீ டூர் என்று 1,400 ரியால் போச்சு, தோஹாவில் இருப்பவர்கள் உஷார்

நேற்று வெள்ளிக்கிழமை நடந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். டூர் புக் பண்ணும் முன் என்னென்ன பார்க்கணும் என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். அப்பா தூத்துக்குடி உப்பளத்தில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர். பாலைவனத்துக்குள் கடல் புகுந்து கிடக்கிற இடம் இங்கே இருக்கு என்று நான் வாய் தவறிச் சொன்னதிலிருந்து அதைப் பார்த்துவிட்டுத்தான் விமானம் ஏறுவேன் என்றார். கோர் அல் அதைத், அதைத்தான் இன்லேண்ட் சீ என்கிறார்கள், 2007-இல் இயற்கைக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இடம். மெசயீத் தாண்டி சீலைன் வரைக்கும்தான் தார் ரோடு, அப்புறம் முழுக்க மணல் மேடு, ஃபோர் வீல் டிரைவ் இல்லாமல் நடக்காது. என்னிடம் இருப்பதோ சின்ன கார்.

டூர் விற்கிற ஒரு ஆப்பில் பார்த்துப் போன் போட்டேன். எடுத்தவர் தமிழ். "அண்ணே, கவலைய விடுங்க, அப்பாவுக்கு முட்டி வலியா? முன் சீட்டு குடுத்துடலாம், மேட்டுல மெதுவா ஓட்டச் சொல்றேன்" என்றார். நான் விழுந்தது அந்த முட்டி வலியில்தான். வேறு யாராவது இருந்தால் பாதிதான் முன்பணம் தந்திருப்பேன், இவருக்கு 1,400 ரியாலையும் அப்போதே அனுப்பிவிட்டேன். நம்ம ஊர்க் காசுக்கு முப்பதாயிரத்துக்கு மேல்!

எட்டு மணி என்று சொன்ன வண்டி பத்தே முக்காலுக்கு வந்தது. பின் சீட்டில் ஒரு பெல்ட் மாட்டவே இல்லை, பையனை மடியில் பிடித்துக்கொண்டேன். சீலைனில் மற்ற வண்டிக்காரர்கள் எல்லாம் இறங்கி, மணலில் புதையாமல் இருக்க டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டிருக்க, எங்கள் டிரைவர் கதவைக்கூடத் திறக்கவில்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்கணும். ரெண்டு மேடு ஏறி இறங்கினார். அப்புறம் ஒட்டகக்காரர்களிடம் முக்கால் மணி நேரம் நிறுத்தினார், அவருக்கு அங்கே என்ன கமிஷனோ. கடைசியாக ஒரு கடற்கரையில் கொண்டுபோய் நிறுத்தி, "இன்லேண்ட் சீ" என்றார்.

அப்பா இறங்கிப் போய் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். திரும்பி வந்து மெதுவாகச் சொன்னார்: "இது வெளிக்கடல்டா. அலை அடிக்குது பாரு. எதுத்தாப்ல சவுதி தெரியும்னியே, அந்தக் கரை எங்க?"

டிரைவரைக் கேட்டால் தண்ணி ஏறியிருக்கு, வழி குளோஸ் என்கிறார். சப்கா என்கிற உப்புப் படிந்த சமநிலத்தில் தண்ணீர் ஏறினால் வண்டி புதையும், அது உண்மைதான். ஆனால் எங்கள் கண் முன்னால் வண்டி வண்டியாகத் தெற்கே போய்க்கொண்டிருந்ததே! பார்பிக்யூ என்றது ஆளுக்கொரு ஆறிப்போன ஷவர்மா. ரெண்டரை மணிக்கு வீட்டில் இருந்தோம். நண்பனிடம் சொன்னதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "போன்ல சவுதி நெட்வொர்க் மெசேஜ் வந்துச்சா?" வரவில்லை. "அப்ப நீ பக்கத்துலகூடப் போகல."

சாயங்காலம் அந்தத் தமிழ்த் தம்பிக்குப் போன். மீட்டிங்காம். அப்புறம் டிரைவர் தப்பாம். அப்புறம் மேனேஜர் லீவாம், இன்ஷா அல்லா ஞாயிற்றுக்கிழமை. அடுத்த டூருக்குத் தள்ளுபடி தருகிறேன் என்று ஒரு வாய்ஸ் நோட், 1,400 ரியால் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. ராத்திரி பத்துக்குப் பார்த்தால் பிளாக். ஆப்பில் புகார் போட்டேன், பணம் எங்கள் வழியாக வரவில்லை, நீங்கள் நேரடியாகக் கொடுத்தது என்று பதில். அதுவும் சரிதான், ஆப்பில் கட்டினால் கமிஷன் போகும்ணே என்று சொன்னது அந்தத் தம்பிதானே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முழுப் பணமும் முன்னாடியே கொடுக்காதீர்கள். ஆப்பை விட்டு வெளியே கட்டாதீர்கள். எந்த இடம் வரைக்கும் போகும் என்று மேப்பில் புள்ளி வைத்து அனுப்பச் சொல்லுங்கள். சீலைனில் டயர் காற்றை இறக்கவில்லையா, அங்கேயே சண்டை போடுங்கள். தமிழ் பேசுகிறார் என்று உருகாதீர்கள். இன்னும் நிறைய எழுத நினைத்தேன், ஓடவில்லை.

அப்பாவுக்குச் செவ்வாய்க்கிழமை விமானம். விடுடா, ஒட்டகம் பாத்தாச்சுல்ல என்கிறார்.