மூச்சடக்கும் நெல்லா, எட்டிப் பிடிக்கும் நெல்லா? பள்ளக்கால் சம்பாவுக்கு எது

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சம்பாப் பயிர் முழுகுவது காவிரிக் கடைமடைக்குப் புதிதல்ல. முழுகும் வயலுக்கென்று இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, சி.ஆர் 1009 சப் 1, அதாவது பழைய சி.ஆர் 1009 நெல்லில் வெள்ளம் தாங்கும் சப்1ஏ மரபணுவைச் சேர்த்த ரகம். இன்னொன்று, மடுமுழுங்கி மாதிரி பள்ளக்காலுக்குப் பேர்போன நெட்டை நாட்டு ரகங்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் எப்படியும் வடிந்துவிடும் வயல் என்றால் என் ஓட்டு முதலாவதற்குத்தான்.

தண்ணீருக்குள் போன நெல்லில், செடியே உண்டாக்கும் எத்திலீன் வாயு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சேரும். காற்றைவிட நீரில் வாயு பரவுவது சுமார் 10,000 மடங்கு மெதுவு. செடிக்கு 'முழுகிவிட்டோம்' என்று சொல்வதே இந்தச் சேர்மானம்தான். சேதி ஒன்று, அதற்குச் செடி சொல்லும் பதில்தான் இரண்டு. ஆழ்நீர் நெல்லில் ஸ்நார்க்கல் என்ற மரபணு ஜோடி ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டிவிட, இடைக்கணு ஒரே நாளில் 20 முதல் 25 செ.மீ. வரைகூட நீண்டு தலையை வெளியே நீட்டிவிடும். சப்1ஏ அதற்கு நேர் எதிர். ஜிப்ரலின் பேச்சை அமுக்கி, வளராமல் இருக்கவைத்து, தண்டில் இருக்கும் மாவுச்சத்தைச் சேமிக்கும். வேடிக்கை என்னவென்றால் இரண்டும் ஒரே மரபணுக் குடும்பம். சப்1ஏ ஒன்றும் ஆய்வகத்தில் பிறந்ததல்ல. ஒடிசாவின் எஃப்.ஆர் 13 ஏ என்ற நாட்டு நெல்லில் இருந்ததை 2006ல் இனங்கண்டார்கள். மரபணு மாற்றப் பயிரும் அல்ல, பழைய ரகத்தோடு திரும்பத் திரும்ப இனக்கலப்பு செய்து கொண்டுவந்ததுதான்.

சி.ஆர் 1009 சப் 1ல் நெல்லின் குணம், வயது (155 முதல் 160 நாள்), குண்டு அரிசி எல்லாம் பழைய சி.ஆர் 1009 மாதிரியேதான். நாட்டு ரகத்துக்குத் தனிச் சந்தை கையில் இருந்தால் விலையில் அது ஜெயிக்கலாம். அது வேறு கணக்கு.

தீர்மானிப்பது தண்ணீர் நிற்கும்போது நடப்பதல்ல, வடிந்த பிறகு நடப்பது. நீண்டு வளர்ந்த தண்டு மெல்லியது. தண்ணீர் தாங்கும் வரை நிமிர்ந்து நிற்கும், மடையைத் திறந்ததும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேற்றில் படுக்கும். மாதக்கணக்கில் ஆழநீர் நிற்கும் நிலத்தில் இது பிரச்சினையே இல்லை. பின்னால் நீர் இறங்கும்போது கணுவில் முட்டிபோட்டு நுனி மறுபடி எழும். பத்து நாள் வெள்ளத்தில் அந்த அவகாசம் கிடையாது. சாதாரண சி.ஆர் 1009 நிலைமை இன்னும் மோசம். எட்டவும் முடியாது, சேமிக்கவும் தெரியாது. சோகையை நீட்டி நீட்டி இருப்பைக் கரைத்துவிட்டு, வெளியே வரும்போது வதக்கிய கீரை போலக் கிடக்கும். சப் 1 பயிரும் பார்க்க அழகாக இருக்காது. வண்டல் படிந்து, வெளிச்சோகை அழுகி, வெயில் பட்டதும் மிச்ச இலையும் சுருளும். அதைப் பார்த்து உழுது போட்டுவிடக் கூடாது. தூரைப் பிடுங்கி அடித்தண்டை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே குருத்து வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. கொழகொழவென்று நாறினால் போய்விட்டது.

புதுச் சோகை வர ஒரு வாரம், பத்து நாள் பிடிக்கும். அதுவரை வயலில் இறங்காதீர்கள், யூரியாவும் போடாதீர்கள். புது இலை விரிந்த பின் ஏக்கருக்கு 2 கிலோ யூரியா, 1 கிலோ ஜிங்க் சல்பேட்டை 200 லிட்டர் நீரில் கரைத்துத் தெளிக்கலாம். கதிர் வெளிவருவது ஒன்றிரண்டு வாரம் தள்ளிப்போகும், அறுவடையை அதற்கேற்பத் திட்டமிடுங்கள். வெள்ளத்துக்கு முன்னால் தழைச்சத்தை அள்ளிப் போட்டு வளர்த்த பயிர், சப் 1 ஆனாலும், சீக்கிரம் அழுகும். சப் 1 முழுகியபடி இரண்டு வாரம் தாங்கும் என்பதும் கல்வெட்டு அல்ல. கலங்கல் நீரிலும் சூடான நீரிலும் அந்தக் கெடு குறையும்.

சப் 1ன் பெரிய தொல்லை விதை. பழைய சி.ஆர் 1009க்கும் இதற்கும் செடியிலும் மணியிலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. நெல் தன் மகரந்தச் சேர்க்கைதான், சொந்த விதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் களத்தில் கலந்தால் வெள்ளம் வரும்வரை யாருக்கும் தெரியாது. சந்தேகம் இருந்தால் தொட்டிச் சோதனை செய்யுங்கள். சந்தேக விதையில் ஒரு தட்டு, பழைய சி.ஆர் 1009ல் ஒரு தட்டு, இரண்டும் 21 முதல் 25 நாள் நாற்று. ஒரு மீட்டர் நீரில் முழுக்க 14 நாள் முழுகவிட்டு எடுத்து, பத்து நாள் கழித்துப் பிழைத்ததை எண்ணுங்கள். நாலைந்து நாளிலேயே சாதாரண நாற்று வெளிறி நீளத் தொடங்கும். பழைய ரகமும் பிழைத்திருந்தால் சோதனை செல்லாது. தண்ணீர் தெளிவாகவோ குளிர்ச்சியாகவோ இருந்திருக்கும், மறுபடி செய்யுங்கள்.

நேரடி விதைப்பில் முளைக்கும்போதே தண்ணீர் நின்றால் சப்1ஏ உதவாது, அந்தத் திறனுக்கு வேறு மரபணுக்கள் வேண்டும். முதல் மூன்று வாரம் வடிகாலை நம்பித்தான் ஆகவேண்டும். தொண்டைக்கதிர் பருவத்தில் (கதிர் இன்னும் உறைக்குள் இருக்கும்போது) முழுகினாலும் அப்படித்தான், இந்தக் காப்பு இளம்பயிருக்கானது. தை மழை கதிரைச் சாய்ப்பதையும் இது தடுக்காது.

ஒரு இடத்தில் மட்டும் நாட்டு ரகத்துக்கு விட்டுக்கொடுப்பேன். முழுக்க முழுகாமல், முழங்கால் அளவு நீர் ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே கிடக்கும் பள்ளம். அங்கே மூச்சடக்கி உட்கார்ந்திருப்பதில் லாபமில்லை. குட்டைப் பயிர் தூர் கட்டாமல் மெலியும், நெட்டைப் பயிர் தலையை மேலே வைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கும். ஒரே பங்கில் மேட்டுக்காலும் பள்ளக்காலும் கலந்திருந்தால், போன மழையில் எந்த வரப்பு எத்தனை நாள் கண்ணுக்குத் தெரியவில்லை என்று கணக்கெடுத்து, அந்த வரப்போடு ரகத்தை மாற்றுங்கள்.